வீணான ஒட்டுகளைப் படித்த கதை

மூன்றில் இரண்டு வீணாகும் வேலை ஒன்றை நம் எலும்பு மஜ்ஜை இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது. நோய்க்கிருமியை அடையாளம் காணும் எதிர்ப்பொருளுக்கென்று முழுமையான மரபணு எதையும் நாம் பெற்றோரிடமிருந்து வாங்கி வருவதில்லை. துண்டுகளைத்தான் வாங்கி வருகிறோம். நம் 14ஆம் குரோமோசோமில் ‘வி’ எனப்படும் துண்டுகளில் செயல்படக்கூடியவை ஏறக்குறைய 40. நடுத்துண்டான ‘டி’ 23. ‘ஜே’ 6. எதிர்ப்பொருள் செய்யும் ஒவ்வொரு பி செல்லும் உருவாகும்போது இவற்றில் ஒவ்வொன்றை எடுத்து, இடையிலுள்ள டிஎன்ஏவை வெட்டி நீக்கி, முனைகளை ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் உதிரும், சில புதிதாகச் சேரும். எத்தனை உதிரும், எத்தனை சேரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். புரதம் செய்யும் இயந்திரமோ எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் படிக்கும். ஒட்டு அந்த மூன்றின் வரிசையில் வந்து விழுந்தால் எதிர்ப்பொருள் உண்டாகும். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பொருளற்றுப் போகும். மூன்றில் ஒன்றுதான் தேறும்.

தேறாத செல் தன் இன்னொரு குரோமோசோமில் மறுபடி முயல்கிறது. அங்கே ஒட்டு சரியாக விழுந்துவிட்டால் பிழைக்கிறது. ஆனால் முதலில் கெட்டுப்போன ஒட்டு அழிவதில்லை. அந்தச் செல்லின் டிஎன்ஏவில் அது அப்படியே இருக்கிறது. அதன் வழியில் வரும் எல்லாச் செல்களுக்கும் அது போய்ச் சேர்கிறது.

ரத்தப் புற்றுநோய்களைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில், இந்த ஒட்டுகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டு தலை நரைத்தவள் நான். எதிர்ப்பு மரபணுக்களின் மறுசேர்க்கையைப் படிக்கும் இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு. பெரும்பாலும் அதை வென்ற செல்களின் பக்கத்திலிருந்தே சொல்கிறார்கள். நான் வீணான ஒட்டுகளின் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். காரணம் எளிது. சந்தையில் விற்ற பானையைப் பார்த்தால் வாங்கியவருக்கு என்ன பிடித்தது என்று தெரியும். குயவர் எப்படி வேலை செய்தார், மண் என்ன பதம், தீ எவ்வளவு என்பதெல்லாம் சூளையடியில் வெடித்துக் கிடக்கும் ஓடுகளில்தான் தெரியும். நம் ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்கள் தேர்வில் தப்பிப் பிழைத்தவை. வெட்டி ஒட்டும் கையின் இயல்பை அறிய, அந்தத் தேர்வுக்கே போகாத ஒட்டுகளைப் பார்த்தாக வேண்டும். அவற்றைப் பார்க்கும் வழி நமக்குக் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

லண்டன் மளிகைக்காரரின் சிறுநீர்

1845இல் லண்டனில் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன் என்ற மளிகை வியாபாரி எலும்பு வலியால் துடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சிறுநீரைச் சூடாக்கியபோது ஏதோ ஒரு பொருள் திரண்டது. கொதிக்கவைத்ததும் அது கரைந்தது. ஆறியதும் மறுபடி திரண்டது. வைத்தியர்கள் அதை வேதியியல் அறிந்த மருத்துவரான ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் அனுப்பினார்கள். மெக்பீன் சில வாரங்களில் இறந்துவிட்டார். அந்தப் புரதத்துக்குப் பென்ஸ் ஜோன்ஸின் பெயரே நிலைத்தது. மஜ்ஜையில் எதிர்ப்பொருள் சுரக்கும் ஒரே ஒரு செல் புற்றாகி, கட்டுக்கடங்காமல் பெருகி, ஒரே புரதத்தைக் கொட்டித் தீர்க்கும் நோய் மெக்பீனுக்கு. இன்று அதை மைலோமா என்கிறோம்.

அந்தப் புரதம், எதிர்ப்பொருளில் உள்ள பெரிய, சிறிய சங்கிலிகளில் சிறியது என்பதை ஜெரால்டு எடல்மனும் ஜோசப் கேலியும் 1962இல் காட்டினார்கள். நோயாளி ஒவ்வொருவரிடமும் ஒரே வகைப் புரதம் ஏராளமாகக் கிடைத்ததால், அதன் அமினோ அமிலங்களை வரிசையாகப் படிக்க முடிந்தது. 1965இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லரில் நோர்பர்ட் ஹில்ஷ்மனும் லைமன் கிரேக்கும் வெவ்வேறு நோயாளிகளின் சங்கிலிகளை ஒப்பிட்டுப் படித்தார்கள். சங்கிலியின் ஒரு பாதி ஆளுக்கு ஆள் மாறியது. மறுபாதி ஏறக்குறைய மாறவே இல்லை.

அதே ஆண்டு கால்டெக்கில் வில்லியம் டிரையரும் கிளாட் பென்னட்டும் துணிந்து ஒன்றைச் சொன்னார்கள். மாறும் பாதிக்குத் தனி மரபணு, மாறாத பாதிக்குத் தனி மரபணு, இரண்டும் செல்லுக்குள் டிஎன்ஏ அளவிலேயே ஒட்டப்படுகின்றன என்றார்கள். ஒரு மரபணுவுக்கு ஒரு புரதம் என்று பாடம் நடந்துகொண்டிருந்த காலம் அது. உடலின் செல்கள் தம் டிஎன்ஏவை வெட்டி மாற்றிக்கொள்ளும் என்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை. டிஎன்ஏவைக் கையில் எடுத்துக் காட்டும் வழியும் அப்போது யாரிடமும் இல்லை.

இந்தக் கட்டத்தில் படிக்கப்பட்டது புரதம் மட்டுமே. கெட்ட ஒட்டு புரதம் ஆகாது. அதனால் அப்படி ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தெரியாது.

பாஸல், 1976

சுசுமு டொனெகாவா அமெரிக்காவில் ரெனாட்டோ டல்பெக்கோவின் ஆய்வகத்தில் இருந்தவர். விசா முடிந்து வெளியேற வேண்டிய நிலையில், டல்பெக்கோவின் யோசனைப்படி 1971இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துக்கு வந்தார். ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் பணத்தில், நீல்ஸ் யெர்னேயின் தலைமையில் அங்கே ஒரு நோயெதிர்ப்பியல் நிலையம் தொடங்கியிருந்த நேரம். டொனெகாவா மூலக்கூறு உயிரியலாளர். நோயெதிர்ப்பியல் அவருக்குப் புதிது.

நொபுமிச்சி ஹொசுமியும் அவரும் செய்த சோதனை எளிமையானது. சுண்டெலிக் கருவின் டிஎன்ஏ ஒரு பக்கம். எதிர்ப்பொருள் சுரக்கும் கட்டி ஒன்றின் டிஎன்ஏ மறுபக்கம். அந்தக் கட்டியை அமெரிக்காவில் மைக்கேல் பாட்டர் போன்றவர்கள் சுண்டெலியின் வயிற்றில் கனிம எண்ணெய் செலுத்தி வளர்த்துத் தந்தார்கள். இரண்டு டிஎன்ஏக்களையும் ஒரே நொதியால் வெட்டி, பெரிய அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு, ஜெல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் டிஎன்ஏவை எடுத்தார்கள். கதிரியக்க அயோடின் ஏற்றிய எதிர்ப்பொருள் ஆர்என்ஏ எந்தத் துண்டில் போய்ப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். கருவின் டிஎன்ஏவில் மாறாத பாதி 60 லட்சம் டால்டன் எடையுள்ள துண்டிலும், மாறும் பாதி 39 லட்சம் டால்டன் துண்டிலும் தனித்தனியாக இருந்தன. கட்டியின் டிஎன்ஏவிலோ இரண்டும் ஒரே துண்டில் இருந்தன. அதன் எடை 24 லட்சம் டால்டன்தான். தொலைவில் இருந்தவை ஒட்டியிருந்தன. டொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

1979இல் டொனெகாவாவின் குழுவும், அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்களில் பிலிப் லெடரின் குழுவும் வெட்டும் இடங்களின் எழுத்துகளைப் படித்தன. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஏழெழுத்து அடையாளம் ஒன்றும் ஒன்பதெழுத்து அடையாளம் ஒன்றும் இருந்தன. அவற்றுக்கிடையே 12 அல்லது 23 எழுத்து இடைவெளி. 12 உள்ளது 23 உள்ளதோடுதான் சேரும். இந்த ஒரு விதியே எந்தத் துண்டு எதனோடு ஒட்டலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

கெட்ட ஒட்டுகள் கண்ணில் படத் தொடங்கியது ஃபிரெட்ரிக் ஆல்ட், டேவிட் பால்டிமோர் ஆகியோரின் வேலையில். அவர்கள் எடுத்துக்கொண்டவை சுரக்கும் கட்டிகள் அல்ல. ஏபெல்சன் வைரஸ் தொற்றி, ஓயாமல் பெருகும் சுண்டெலி மஜ்ஜைச் செல்கள் அவை. எதிர்ப்பொருள் செய்யும் பருவத்துக்கு முந்தைய செல்கள். நடுத்துண்டும் ஜேயும் முதலில் இரண்டு குரோமோசோமிலும் ஒட்டுகின்றன, அதற்குப் பிறகே வி வந்து சேர்கிறது என்ற வரிசை இந்தச் செல்களில்தான் தெளிவாயிற்று. பாதியில் நின்ற ஒட்டுகளும் வரிசை தப்பிய ஒட்டுகளும் அங்கே சாதாரணமாகக் கிடந்தன. மூல டிஎன்ஏவில் எங்கும் இல்லாத சில எழுத்துகள் ஒட்டுகளின் நடுவே இருப்பதைக் கண்டு, தைமஸில் உள்ள ஒரு நொதிதான் அச்சு எதுவும் இல்லாமலே அவற்றைச் சேர்க்கிறது என்று இருவரும் 1982இல் சொன்னார்கள். அது சரியென்று பிற்பாடு உறுதியானது.

பாக்டீரியாவில் எண்ணிய ஒட்டுகள்

1987இல் மார்ட்டின் கெல்லர்ட்டின் குழு செய்த சோதனைமுறை எனக்கு எப்போதும் பிடித்தமானது. வெட்டு அடையாளங்கள் இரண்டை ஒரு சிறு வட்ட டிஎன்ஏவில் வைத்தார்கள். அடையாளங்களுக்கு நடுவே, குளோராம்ஃபெனிகால் மருந்தைத் தாங்கும் மரபணுவை அடக்கிவைக்கும் தடை ஒன்று. இந்த வட்டத்தை இளம் பி செல்களுக்குள் செலுத்தி, சில நாள் கழித்து வெளியே எடுத்து, பாக்டீரியாவில் ஏற்றி, மருந்துள்ள தட்டில் வளர்த்தார்கள். ஒட்டு நடந்திருந்தால் தடை நீங்கியிருக்கும், பாக்டீரியா பிழைக்கும். தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒட்டு. மூன்றெழுத்து வரிசை சரியா தவறா என்று இந்தச் சோதனை கேட்கவே இல்லை. செல்லின் தேர்வு குறுக்கிடாமல் ஒட்டுகளை எண்ணி, எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது.

வெட்டும் கை யாருடையது என்பதற்கு மசாசூசெட்ஸின் வைட்ஹெட் நிலையத்தில் விடை கிடைத்தது. டேவிட் ஷாட்ஸும் மார்ஜரி ஓட்டிங்கரும் பால்டிமோருடன் சேர்ந்து ராக்1 மரபணுவை 1989இலும் ராக்2 மரபணுவை 1990இலும் அறிவித்தார்கள். இந்த இரண்டையும் புகுத்தினால், எதிர்ப்போடு தொடர்பே இல்லாத சாதாரணத் திசுச் செல்கூட வெட்டி ஒட்டத் தொடங்கியது. வெட்டிய முனை கொண்டை ஊசிபோல் மடிந்து மூடிக்கொள்கிறது என்பதைக் கெல்லர்ட்டின் குழு 1992இல் கண்டது. அதைக் காட்டிக் கொடுத்தது ஒரு குறையுள்ள சுண்டெலி. மெல்வின் போஸ்மா ஃபிலடெல்ஃபியாவில் 1983இல் கண்டறிந்த அந்த வகையில் பி செல்லும், அதைப்போலவே துண்டுகளை ஒட்டித் தன் ஏற்பியைச் செய்யும் டி செல்லும் தேறுவதில்லை. ஒட்டும் வேலை பாதியில் நின்றதால் முனைகள் மூடியபடியே அங்கே தேங்கிக் கிடந்தன. மறுபடியும் ஒரு தோல்விதான் வழிமுறையைச் சொன்னது.

ஜெல்லும் ஃபிலிமும்

மருத்துவமனைக்கு இந்த அறிவு வந்த வழியை நான் உடனிருந்து பார்த்தேன். ரத்தப் புற்று ஒரே செல்லிலிருந்து பெருகுவது. அதனால் அதன் எல்லாச் செல்லிலும் ஒரே ஒட்டு இருக்கும். ஆரோக்கியமான மஜ்ஜையில் செல்லுக்குச் செல் வேறு ஒட்டு. ஸ்டான்லி கோர்ஸ்மையர், தாமஸ் வால்ட்மன் ஆகியோர் உள்ள குழு, இந்த வேறுபாட்டை நோயறிதலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1983இல் எழுதியது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சதர்ன் பிளாட் முறைதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு நோயாளிக்குப் பல மைக்ரோகிராம் டிஎன்ஏ வேண்டும். நொதியில் ஓர் இரவு ஊறவைத்து, ஜெல்லில் ஓட்டி, நைலான் சவ்வுக்கு மாற்றி, பாஸ்பரஸ்-32 ஏற்றிய துண்டைப் பொருத்தி, எக்ஸ்ரே ஃபிலிமை வைத்துக் கட்டி, மைனஸ் 70 டிகிரிப் பெட்டிக்குள் நாள்கணக்கில் வைப்போம். அந்தப் பாஸ்பரஸ் 14 நாளில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், கதிரியக்கப் பொருள் வந்து சேரும் நாளை வைத்தே மற்ற வேலைகளுக்கு நாள் குறிப்போம். தடித்த அக்ரிலிக் தட்டிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் கையைக் கைகர் கருவியில் காட்டிவிட்டு வெளியே வருவோம். ஃபிலிமைக் கழுவி விளக்கில் பிடித்தால், இயல்பான இடத்தில் ஒரு பேண்டு, அதைத் தவிரப் புதிதாக ஒன்றோ இரண்டோ. புதிய பேண்டு என்றால் புற்றுக் கூட்டம். இரண்டு பேண்டு இருந்தால், அநேகமாக இரண்டு குரோமோசோமும் ஒட்டப்பட்டிருக்கின்றன. எது தேறிய ஒட்டு, எது வீணானது என்று ஃபிலிம் சொல்லாது. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. நோயை அடையாளம் காட்ட இரண்டும் சமம்.

டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறை வந்ததும் கதிரியக்கம் எங்கள் அறையிலிருந்து வெளியேறியது. வி பக்கம் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு பிரைமர், ஜே பக்கம் ஒரு பிரைமர், நடுவே உள்ள ஒட்டு மட்டும் பெருகும். ஆரோக்கியமான மாதிரி ஜெல்லில் மங்கலாகப் பரவும், புற்று கூர்மையான ஒற்றைக் கோடாக நிற்கும். ஒரே பிரைமர் எல்லா வி துண்டிலும் சரியாகப் பொருந்தாது என்பதால் நோயைத் தவறவிடும் ஆபத்து இருந்தது. ஐரோப்பிய ஆய்வகங்கள் ஒன்றுகூடி 2003இல் வெளியிட்ட பயோமெட்-2 முறை இதற்குத் தீர்வு தந்தது. 107 பிரைமர்கள், 18 குழாய்கள். உலகெங்கும் உள்ள பரிசோதனைக் கூடங்களுக்கு அது பொதுமொழி ஆயிற்று.

பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் 1993இல் வந்த இன்னொரு முறை, டி செல்களின் ஒட்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டியது. ஆர்என்ஏவிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் முகடுகள் சரியாக மூன்று எழுத்து இடைவெளியில் வரிசையாக நிற்கும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தேறிய ஒட்டுகள் மட்டுமே முகடுகளாக எழுந்திருந்தன. முகடுகளுக்கு இடையிலிருந்த பள்ளங்களில் தேறாதவற்றின் இடம் காலியாக இருந்தது. கெட்ட ஒட்டிலிருந்து வரும் ஆர்என்ஏவைச் செல் தானே அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. ஆர்என்ஏவை மட்டும் படிப்பவர் அந்தப் பள்ளங்களை ஒருநாளும் நிரப்ப முடியாது.

2009: லட்சக்கணக்கில் படித்தல்

பாஸ்டர் நிலையத்தின் குழு 1999இல் ஒரு மதிப்பீடு தந்தது. மனிதரின் டி செல் ஏற்பியில் பீட்டா சங்கிலி வகைகள் ஏறக்குறைய 10 லட்சம். சில நூறு ஒட்டுகளைப் படித்து, அதை வைத்து முழுமைக்கும் கணக்கிட்ட எண் அது. அதற்கு மேல் போகப் பழைய சேங்கர் முறைக்குக் கை போதவில்லை. அந்த முறையில் ஒவ்வோர் ஒட்டையும் தனித்தனிப் பாக்டீரியாவில் ஏற்றி, வளர்த்து, தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

2005இல் 454 நிறுவனத்தின் கருவியும், அதையடுத்து சோலெக்சா முறையும் வந்தன. சோலெக்சாவைத்தான் பிறகு இல்லுமினா வாங்கியது. பாக்டீரியாவே தேவையில்லை. லட்சக்கணக்கான டிஎன்ஏ துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே சமயத்தில் படிக்கப்படும். எதிர்ப்பு மரபணுக்களுக்கு இது வாய்த்த ஆண்டு 2009. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் குவேக்கின் குழு 14 வரிக்குதிரை மீன்களை எடுத்துக்கொண்டது. சிறிய மீன், அதன் பி செல்கள் மொத்தமும் எண்ணிவிடக்கூடிய அளவு. ஓர் உயிரின் எதிர்ப்பொருள் வகைகளை முழுவதுமாகப் பார்த்துவிடலாம் என்ற துணிவு அதில் இருந்தது. துண்டுகளைச் சேர்க்கக்கூடிய வழிகளில் 50 முதல் 86 விழுக்காடு வரை மீன்கள் பயன்படுத்தியிருந்தன. அதே ஆண்டு சியாட்டிலில் ஹார்லன் ராபின்ஸ் குழு மனித டி செல்களின் டிஎன்ஏவைப் படித்து, பீட்டா சங்கிலியின் வகைகள் பழைய மதிப்பீட்டைவிட நான்கு மடங்காவது அதிகம் என்றது. வான்கூவரில் ஒரு குழு, ஸ்டான்ஃபோர்டிலேயே ஸ்காட் பாய்ட், ஆண்ட்ரூ ஃபயர் குழு என்று ஒரே ஆண்டில் பல வாசல்கள் திறந்தன.

பெருக்கத்தோடு புதிய பிழைகளும் வந்தன. 454 கருவி ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் எண்ணிக்கையில் தடுமாறும். ஐந்து ‘ஏ’ இருக்கும் இடத்தில் ஆறு என்று சொல்லும். மற்ற மரபணுக்களில் இது சிறு குறை. எங்கள் வேலையிலோ பெருந்தீங்கு. ஓர் எழுத்து கூடினால் தேறிய ஒட்டு தேறாததாகப் பதிவாகிவிடும். இல்லுமினாவின் பிழை பெரும்பாலும் எழுத்து மாறுவது என்பதால் நீளம் கெடாது. ஒட்டுகளைப் படிப்பவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த பிழை பிசிஆரில் இருந்தது. டஜன்கணக்கான பிரைமர்களை ஒரே குழாயில் போட்டால் சில வி துண்டுகள் வேகமாகப் பெருகும், சில பின்தங்கும். கருவி தரும் எண்ணிக்கை உடலின் எண்ணிக்கையா பிரைமரின் எண்ணிக்கையா என்ற கேள்வி எழும். சியாட்டில் குழு, தெரிந்த அளவில் செயற்கை ஒட்டுகளைச் செய்து குழாயில் கலந்து, பிரைமரின் ஓரவஞ்சனையை அளந்து சரிசெய்தது. குவேக்கின் குழு 2013இல், ஒவ்வோர் ஆர்என்ஏ மூலக்கூறுக்கும் பெருக்குவதற்கு முன்பே தனித்தனி எழுத்துத் தொடர் ஒன்றைச் சூட்டி, பெருகிய நகல்களை எல்லாம் மூலத்துக்குத் திருப்பிக் கணக்கிட்டது.

ஆனால் ஆர்என்ஏவில் இன்னொரு சிக்கல் உண்டு. எதிர்ப்பொருள் சுரக்கும் முதிர்ந்த செல் ஒன்றில் அந்த ஆர்என்ஏ ஆயிரக்கணக்கில் இருக்கும். ஓய்ந்திருக்கும் செல்லில் கொஞ்சம்தான். அதனால் ஆர்என்ஏவை எண்ணினால் செல்லை எண்ணியதாகாது. டிஎன்ஏவிலோ ஒரு செல்லுக்கு ஒரு குரோமோசோமில் ஓர் ஒட்டுதான். வீணானதும் தேறியதும் சம மரியாதையோடு உட்கார்ந்திருக்கும்.

கையின் இயல்பு தெரிந்த நாள்

2012இல் ஆனந்த் முருகன், தியெரி மோரா, அலெக்சாந்திரா வால்சாக், கர்ட்டிஸ் கேலன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையை இந்த வரலாற்றின் உச்சமாக நான் நினைக்கிறேன். அவர்கள் இயற்பியல் வழியில் வந்தவர்கள். மனித டி செல்களின் டிஎன்ஏவில் படித்த ஒட்டுகளில், தேறியவற்றை வேண்டுமென்றே ஒதுக்கி, வீணானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே எழுத்துத் தொடர் பல வழிகளில் உருவாகியிருக்கக்கூடும். எனவே எந்த வி, எத்தனை எழுத்து உதிர்ந்தது, எத்தனை சேர்ந்தது என்று ஒவ்வொரு படிக்கும் உள்ள நிகழ்தகவைக் கணக்கால் வருவித்தார்கள். வந்த எண்கள் ஆளுக்கு ஆள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பிறந்த ஊரும் பட்ட நோயும் வேறாக இருந்தாலும், வெட்டி ஒட்டும் கை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. இருவர் உடலில் ஒரே எதிர்ப்பு ஏற்பி காணப்படுவதும் பெரிய புதிர் இல்லை என்றாயிற்று. எளிதில் உருவாகும் ஒட்டு பலரிடம் உருவாகிறது. இதையெல்லாம் சொன்னவை, யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல் செல்லுக்குள் கிடந்த ஒட்டுகள்.

டிஎன்ஏவை நேராகப் படிக்கும் முறைகள் அதன்பின் கூர்மையாயின. பாஸ்டனில் ஆல்ட்டின் ஆய்வகம் 2011இலிருந்து வளர்த்த எச்டிஜிடிஎஸ் முறையில் இரண்டு பக்கமும் பிரைமர் தேவையில்லை. டிஎன்ஏவை ஒலியால் சிதைத்து, ஜே பக்கத்தில் மட்டும் பயோட்டின் கட்டிய ஒரு பிரைமரை வைத்து, ஒரே திசையில் மறுபடி மறுபடி நகலெடுக்கிறார்கள். நகல்களைக் காந்த மணிகளில் பிடித்து, மறுமுனையில் தெரிந்த தொடர் ஒன்றை ஒட்டிப் படிக்கிறார்கள். ஜேயோடு எது வந்து ஒட்டியிருந்தாலும் அகப்படும். தேறிய ஒட்டு, வீணான ஒட்டு, நடுத்துண்டோடு நின்றுபோன பாதி ஒட்டு, வேறு குரோமோசோமிலிருந்து தவறி வந்து ஒட்டிய துண்டு, எல்லாம். இங்கிலாந்தின் பாப்ரஹாம் நிலையத்தில் ஆன் கார்கோரனின் குழு 2016இல் வெளியிட்ட விடிஜே-சீக் முறையும் இதே நெறியில் நிற்பது. சுண்டெலியின் வி துண்டுகளில் சில மற்றவற்றைவிட 200 மடங்குவரை அதிகமாக ஒட்டப்படுகின்றன என்று அது காட்டியது. எந்தத் துண்டுக்கும் சம வாய்ப்பு என்ற பாடநூல் வரியை அந்த ஓர் எண் திருத்திவிட்டது. வி துண்டுக்கு அடுத்துள்ள இடத்தில் டிஎன்ஏ எந்தப் புரதங்களைச் சுமக்கிறது என்பதே பெரிதும் அதைத் தீர்மானிக்கிறது.

ஆல்ட்டின் குழு 2015இல், ராக் நொதி தவறான இடங்களிலும் வெட்டுவதைக் கண்டது. ஏழெழுத்து அடையாளத்தின் முதல் மூன்றான சி-ஏ-சி இருந்தாலே சில இடங்களில் போதுமாக இருந்தது. அந்தத் தவறுகள் கண்டபடி சிதறவில்லை. டிஎன்ஏ சுருக்கின் எல்லைக்குள், ஒரே திசையை நோக்கி அடுக்கப்பட்டிருந்தன. நொதி இருந்த இடத்தில் இருக்க, டிஎன்ஏ அதன் வழியே இழுக்கப்பட்டுச் செல்கிறது என்ற கருத்து இந்தத் தடயங்களிலிருந்து வளர்ந்து 2019இல் உறுதிப்பட்டது. 25 லட்சம் எழுத்துத் தொலைவில் பரவிக் கிடக்கும் வி துண்டுகள் எப்படி ஒரே நொதியிடம் வந்து சேர்கின்றன என்ற நெடுநாள் கேள்விக்கு அப்படித்தான் விடை கிடைத்தது.

இன்று

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் சிகிச்சைக்குப் பிறகு நோய் எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. புற்றுச் செல்லின் ஒட்டு எது என்று முதல் நாளில் படித்து வைத்துக்கொண்டு, பிறகு அதே ஒட்டைத் தேடுகிறோம். ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏ என்பது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் செல்கள். பத்து லட்சத்தில் ஒன்றைத் தேடுவதாகச் சொல்ல வேண்டுமானால் அத்தனை செல்லின் டிஎன்ஏ முதலில் கையில் இருக்க வேண்டும். கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. இந்த முறையில் அமைந்த பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அனுமதி தந்தது. புற்று பெரும்பாலும் இளம் பி செல்லில் தொடங்குவதால், நமக்குக் கிடைக்கும் அடையாளம் பல நேரம் வீணான ஒட்டாகவே இருக்கும். எதிர்ப்பொருள் எதையும் தராத அந்த எழுத்துகளை நம்பித்தான் ஒரு குழந்தைக்கு மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். அந்த அறிக்கையில் கையெழுத்திடும்போது இந்தத் தொழிலின் கனத்தை நான் ஒவ்வொரு முறையும் உணர்ந்திருக்கிறேன்.

இப்போது எல்லோரும் தனிச் செல் முறைக்குப் போகிறார்கள். ஒவ்வொரு செல்லையும் சிறு துளிக்குள் அடைத்து, பெரிய சங்கிலி, சிறிய சங்கிலி இரண்டையும் ஜோடியாகப் படித்துவிடலாம். மருந்தாகும் எதிர்ப்பொருளைத் தேடுபவர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் பரவலாகப் புழங்கும் அந்த முறைகள் படிப்பது ஆர்என்ஏவை. அவற்றின் மென்பொருளும், பயன் தராத ஒட்டுகளைக் குப்பையாக வடிகட்டிவிட்டே முடிவுப் பட்டியலைக் கொடுக்கிறது. வென்றவற்றை மட்டும் பார்த்த 1965க்கு வேறொரு வழியாக நாம் திரும்பிவிடக் கூடாது.

என்னிடம் பயில வரும் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இரண்டு. கேள்வி ஒட்டும் வழிமுறை பற்றியது என்றால் டிஎன்ஏவிலிருந்து தொடங்குங்கள், மாதிரி குறைவாக இருக்கிறது என்பதற்காக ஆர்என்ஏவுக்கு ஓடாதீர்கள். கருவி தந்த மூலக் கோப்பை, வடிகட்டாமல், முழுதாகச் சேமித்து வையுங்கள். வடிகட்டிய பட்டியலிலிருந்து வீணான ஒட்டுகளை யாராலும் மீட்க முடியாது. 2012இன் கட்டுரைக்கு மூலமான ஒட்டுகளைப் படித்தவர்கள் அவற்றைக் குப்பை என்று நினைத்திருந்தால், மனிதர் எல்லோருக்கும் பொதுவான அந்தக் கையின் கணக்கு அன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்காது. அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கப் போகிறவருக்குத் தேவையானது நாம் இன்று சேமிக்கும் கோப்பில் இருக்க வேண்டும்.